ஆறாவது வரி

கள்ளக்குறிச்சியிலிருந்து காலையில் வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு ஜன்னலோரம் அக்காவின் இடம். அவர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னமும் அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. பாவம், டிக்கெட் வாங்கிக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் மேல் என்ன தப்பு? தெரிகிறது. இருந்தாலும் வருகிறது.

மலை மேல் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ், அவர் மருந்து கொடுப்பவர். மலைக்காரர்கள் அவரை மாத்திரையம்மா என்பார்கள். பஸ்ஸில் எல்லோருக்கும் அக்கா. என்னைவிட மூத்தவர், என்னைவிட ஒல்லி, என்னைவிடப் பொறுமை. பொறுமையில் என்னைவிட யாரும் மேல்தான், அது பெரிய விஷயமில்லை. எனக்கு மூக்கு மேல் கோபம். களமருதூரில் என்னைப் பெற்றவர்களே, கட்டிக்கொடுத்த அன்று கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்திருப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி நகர்ந்ததும் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, செல்லைக் கையில் எடுப்பார். தினம் ஒரு அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. வரிக்கு அஞ்சு கட்டம், மொத்தம் ஆறு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு வார்த்தையைப் போட்டுப் பார்க்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் கட்டம் பச்சை. எழுத்து உண்டு, ஆனால் இடம் வேறு என்றால் மஞ்சள். இல்லவே இல்லையென்றால் சாம்பல். ஆறாவது வரிக்குள் பிடித்துவிட வேண்டும், விட்டால் தோல்வி.

தனியாக விளையாடிவிட்டுப் போகிற ஆளில்லை அவர். பஸ்ஸையே இழுத்துவிடுவார்.

"அஞ்செழுத்து. நடுவுல ஏ இருக்குது, கடைசியில ஈ. சொல்லுங்க, சொல்லுங்க."

"டிக்கெட்!" என்பார் கண்டக்டர், பின்னாலிருந்து.

"அது ஆறு எழுத்துப்பா."

"நேத்தும் ஆறுதான் சொன்னீங்க. இன்னைக்காவது ஒண்ணு கம்மி ஆவக் கூடாதா?"

கருவாட்டுக் கூடையோடு மலைக்குப் போகிற அம்மா ஒருவர் தினமும் "லாரி" என்பார். கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்பு லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போனால் வேறு எந்த வார்த்தை வரும்? ஒரு நாள் விடையே லாரியாக வந்துவிட்டது. அந்த அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கரியாலூரில் இறங்குகிறவரைக்கும் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் அவரோடு சேர்ந்து, தானே ஜெயித்த மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்.

விளையாட்டில் அவர் தோற்று நான் பார்த்ததில்லை. மூன்று வரியில் முடிப்பார், மிஞ்சினால் நாலு. எங்களுக்கும் சொல்லிக் கொடுக்கப் பார்ப்பார். "நாலு எழுத்து தெரிஞ்சி ஒண்ணு மட்டும் தெரியலன்னு வை, அங்கதான் ஆளு கவுந்துடுவான். ஒண்ணு மாத்தி ஒண்ணுன்னு வாய்க்கு வந்ததப் போடக் கூடாது. ஒரு வரி போனா போவட்டும், வேற எதையாவது போட்டு எந்த எழுத்துன்னு மொதல்ல தேடணும்." நாங்கள் மண்டையை ஆட்டுவோம். ஒருத்தர் காதிலும் ஏறியதில்லை.

அவர் தோற்காத இன்னொரு இடம் உண்டு. அதுதான் என்னை வெறுப்பேற்றும். எப்போது கேட்டாலும் "நல்லாருக்கேம்மா, எனக்கு இன்னா?" என்பார். இதைத் தாண்டி ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ஒரு முறை சலைன் பாட்டில் பெட்டி அவர் கால் மேல் விழுந்துவிட்டது. பெருவிரல் நகம் கறுத்துப் புடைத்துப் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே சனம் நிற்கிறது, எல்லாம் தூரத்துக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள். கடைசி ஆளுக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்து, காலையில் ஒன்று ராத்திரியில் ஒன்று என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பிய பிறகுதான் நொண்டிக்கொண்டு வந்தார். கட்டுப் போடும்போது எனக்கு வாய் நிற்கவில்லை.

"நீங்க மனுஷியா, மரக்கட்டையா? வலிக்குதுன்னு சொன்னா வாயில முத்தா உதுந்துடும்?"

"வலிக்கல சிஸ்டர். நல்லாத்தான் இருக்குது."

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. அதையும் தூசு என்பார் என்று தெரிந்ததால் நான் கேட்கவில்லை.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவர். கள்ளக்குறிச்சியில் கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. அவர் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார், அவர் போனபிறகு கடையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "வந்துட்டேன், நல்லாருக்கேன்" என்றார். சரி, நல்லாயிருங்கள், என்னை விடுங்கள் என்று நானும் இரண்டு நாள் பேசாமல் வந்தேன். மூன்றாம் நாள் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, "எச்சு எங்க வரும்னு சொல்லு பாக்கலாம்" என்றார். அவரோடு கோபித்துக்கொள்ளவும் முடியாது.

கோமுகி அணையைத் தாண்டி மலை அடிவாரம் வந்தால் டவர் போய்விடும். மேலே எங்கள் சிம்முக்குச் சரியாக எடுக்காது. அதனால் அடிவாரத்துக்கு முன்னால் வார்த்தையை முடித்து, வண்ணக் கட்டங்களை ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும். அதில் எழுத்து எதுவும் இருக்காது. பச்சையும் மஞ்சளும் சாம்பலுமாகக் கட்டங்கள் மட்டும், எத்தனையாவது வரியில் ஜெயித்தோம் என்று காட்டும். சில நாள் அவர் முடிக்கவில்லையென்றால் டிரைவர் வண்டியை மெதுவாக்குவார். "அக்கா, ஆச்சா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். "போயிடுச்சிப்பா, நீ போ" என்றபிறகுதான் கியர் மாற்றி மலை ஏறுவார். அவசரக்காரர்கள்கூட இதற்குச் சத்தம் போட்டதில்லை.

"யாருக்குக்கா தெனம் அனுப்பறீங்க?"

"தம்பிக்கு."

"அவுரு இன்னா சொல்லுவாரு?"

"பாப்பான்."

நான் சும்மா இருக்கிற ஜென்மமா? எட்டிப் பார்த்தேன். அவர் அனுப்பிய கட்டங்கள்தான் மேலேயிருந்து கீழே வரைக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எழுத்து இல்லை.

"ஒண்ணுத்துக்குக்கூட பதில் காணமே?"

"ரெண்டு டிக்கு விழுதில்ல? போய்ச் சேருது. போதும்." செல்லைப் பைக்குள் போட்டார். வெளியே பார்த்துக்கொண்டு தானாகவே சொன்னார். "உலகத்துல எல்லாருக்கும் இன்னைக்கு இதே வார்த்தைதான் தெரியுமா? அவனும் பெங்களூர்ல எங்கியோ பஸ்ல உக்காந்துக்கினு இதையேதான் தேடிக்கினு இருப்பான்."

அவ்வளவுதான். மேலே ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் அவர் அம்மாவிடமிருந்துதான், ரம்ஜானுக்கு பிரியாணி சாப்பிடப் போனபோது. அக்கா முன் அறையில் பந்தி கவனித்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் நான் தட்டு வாங்கப் போனேன். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவன் தெனம் போன் பண்ணுவாம்மா. இவதான் எடுப்பா. 'அத்தா நல்லாருக்காங்க, நீ வேலையப் பாரு, லீவு போட்டுக்கினு ஓடியாராத'ம்பா. அவன் பயந்துடக் கூடாதுன்னு சொன்னா. வேற ஒண்ணும் இல்ல. மௌத்தான அன்னைக்குக் காலையிலதான் வாடான்னா. அவன் ஆத்தூர் தாண்டறதுக்குள்ள இங்க அடக்கம் முடிஞ்சிபோச்சி. எவ்ளோ நேரம்தான் வச்சிக்கினு இருக்கறது? பெரியவங்க ஒத்துக்கல. அவன் மையவாடிக்குப் போயி மண்ணத்தான் பாத்தான். வூட்டுக்குள்ள வரல. தெருவுல நின்னுக்கினு இவளப் பாத்து, 'இனிமே உன் வாயால நல்லாருக்குன்னு சொன்னா நான் எப்பிடிக்கா நம்பறது?'ன்னான். போயிட்டான். எங்கிட்ட மாசத்துக்கு ஒரு வாட்டி பேசுவான். இவ பேர எடுத்தா கட் பண்ணிடுவான்."

அந்த விளையாட்டை அவருடைய செல்லில் போட்டுக் கொடுத்தவனே அவன்தானாம். முன்னெல்லாம் காலையில் இரண்டு பேரும் கட்டங்களை மாற்றி மாற்றி அனுப்பிச் சண்டை போடுவார்களாம். அவன் நிறுத்திவிட்டான். அக்கா நிறுத்தவில்லை. என்றைக்காவது ஒரு பதில் வரும், வந்தால் தம்பி வந்த மாதிரி என்று இருந்தார். இதை அவர் சொல்லவில்லை. ஆனால் அடிவாரத்தில் அனுப்பிவிட்டு, டவர் போகிறவரைக்கும் செல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாதா?

அந்த நாள் மழை மூட்டமாக இருந்தது. அக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும், நான் கேட்கவில்லை. முதல் வரியைப் போட்டார். டியும் எச்சும் மஞ்சள், மற்ற மூன்றும் சாம்பல். அப்படியே செல்லைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பஸ்ஸில் அவர் தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். தோள் வழியாக எனக்குச் சூடு தெரிந்தது.

அணை தெரிந்ததும் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "அக்கா ஆச்சா?"

"தூங்குது," என்றார் கண்டக்டர். "எழுப்பாத. பாவம், ஒடம்பு சரியில்ல போல."

"அப்ப தம்பிக்குப் போவணுமே?"

பஸ்ஸே ஒரு நிமிஷம் கவலைப்பட்டது. ஒரு நாள் தவறிப்போனால் அக்கா சாயங்காலம் வரைக்கும் தவித்துப் போவார். "நாமளே போட்டு வுட்டுடலாமா சிஸ்டர்? தெனம் பாக்கறதுதான, இது இன்னா பெரிய வித்தை?" என்றார் கண்டக்டர். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. செல்லுக்குப் பூட்டு போடுகிற பழக்கம் அவருக்கில்லை. மெதுவாக உருவினேன்.

நான் லைட் என்று போட்டேன். முதல் எழுத்தைத் தவிர நாலும் பச்சை! பஸ்ஸில் ஒரே சந்தோஷம். "ரைட்! ரைட் போடுங்க!" என்றார் கண்டக்டர், பிறந்ததிலிருந்து கத்துகிற வார்த்தை அது. போட்டேன். முதல் எழுத்து மட்டும் சாம்பல். யாரோ நைட் என்றார்கள். டிரைவர் ஃபைட் என்றார். எல்லாவற்றிலும் நாலு பச்சை, ஒரு சாம்பல். அக்கா சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றினது எங்கள் ஒருத்தர் புத்தியிலும் வரவில்லை. அடிவாரம் நெருங்குகிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆறாவது வரியில் டைட் என்று போட்டேன். போயிற்று.

விடையைக் காட்டியது. எட்டு என்பதற்கான இங்கிலீஷ்.

"எட்டுன்னா எட்டுன்னு நம்பர் போட வேண்டியதுதான?" என்றார் கருவாட்டம்மா. "அதுக்கு எதுக்கு அஞ்செழுத்து?"

தோற்றால் என்ன, போகாமல் இருப்பதைவிடப் போவது மேல் என்று கண்டக்டர் சொல்ல, அனுப்பிவிட்டேன். இரண்டு டிக் விழுந்தது. டிரைவர் கியர் மாற்றினார்.

கரியாலூருக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா விழித்துச் செல்லைப் பார்த்தார். நானும் கண்டக்டரும் முந்திக்கொண்டு விவரம் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நான் தோத்தா மாதிரி இல்ல போயிருக்கு" என்றார். அழிக்கப் பார்த்தார், டவர் இல்லை. "அவன் இன்னா நெனைப்பான்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நல்ல காய்ச்சல். படுங்கள் என்றால் கேட்கவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு மருந்து ஜன்னலில் உட்கார்ந்துவிட்டார். பத்து மணி வாக்கில் ஆபீஸ் ரூமில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

ஒரு ஆண் குரல். அக்காவின் பெயரைச் சொல்லி, அவர் வேலைக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டது. நீங்கள் யார் என்றேன்.

"தம்பிங்க. பெங்களூர்லர்ந்து பேசறேன். செல்லுக்குப் போவ மாட்டேங்குது. அம்மாவக் கேட்டா நம்பர் குடுத்தாங்க. அக்காவுக்கு இன்னா ஆச்சு? மறைக்காம சொல்லுங்க."

"ஏன், இன்னா?"

"அவங்க தோக்கவே மாட்டாங்கங்க. நான் அவங்க வாய நம்பறதில்ல, அந்தக் கட்டத்ததான் நம்பிக்கினு இருந்தேன். காலையில வந்துடும். மூணு வரி, நாலு வரி. சரி, அக்கா நல்லாருக்குன்னு நான்பாட்டுக்குக் கெளம்பிடுவேன். இன்னைக்கு இப்பிடி வந்திருக்குது. தலையில அடி கிடி ஏதாவது..."

அவனை வரவழைக்கத்தான் அக்கா தினம் அனுப்பினார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் வராமல் இருந்திருக்கிறான்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். யார் என்று சொன்னதும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? ரிசீவரைக் கையால் பொத்தினார். "நீங்க பஸ்ல போட்டதுன்னு சொல்லிடு. நான் நல்லாருக்கேன்னு சொல்லு. பயந்துகினு இருக்கப் போறான்."

சொல்லியிருப்பேன். உண்மைதானே அது, பஸ்தான் தோற்றது, அக்கா இல்லை. சொன்னால் அவனும் அப்பாடா என்று போனை வைத்துவிடுவான். நாளைக்கு மறுபடி மூன்று வரி, நாலு வரி, இரண்டு டிக். எனக்கு வந்ததே கோபம்!

"உங்க தம்பி, நீங்க சொல்லுங்க. நான் உங்களுக்குத் தூது வேலை பாக்க வரல," என்று ரிசீவரை அவர் கையில் திணித்தேன்.

காதில் வைத்தார். "தம்பி" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டானோ. "நான் நல்லாரு..." என்று தொடங்கினார். நின்றுவிட்டார். வெளியே மருந்துக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

"நல்லா இல்லடா," என்றார். "காய்ச்சலா இருக்குது. நிக்க முடியல. அத்தா போனதுலர்ந்தே நான் நல்லா இல்லடா. நீ வந்துடுறியா?"

அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தம் போட்டு அழுதார், சின்னப் பிள்ளை மாதிரி. போனை வைத்தபிறகும் நிற்கவில்லை. நான் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய காய்ச்சல் சூடு என் யூனிபார்ம் எல்லாம் ஏறியது.

சாயங்காலம் பஸ் கள்ளக்குறிச்சிக்குள் நுழையும்போதே அவன் நிற்பது தெரிந்தது. யாரும் காட்ட வேண்டியதில்லை, அதே ஒல்லி, அதே நெற்றி. படிக்கட்டிலேயே ஏறி வந்து அக்காவின் கையைப் பிடித்து இறக்கினான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். அக்கா அவன் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் ஏறும்வரைக்கும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, காய்ச்சல் இறங்கி, சில மாதம் கழித்து அவன் இருக்கிற பக்கமாக ஓசூருக்கு மாறுதலும் வாங்கிக்கொண்டு அம்மாவோடு போய்விட்டார். அது பிறகு.

அன்று ஆட்டோ கிளம்பியபோது அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தப்பே இல்லை, நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனாலும் அத்தனை ஜனத்துக்கு நடுவில் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். நாலு வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து போனவள் நான். நல்லா இல்லை என்று எனக்கும் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.